இப்னு ஸவாதாவிடம் கேட்காத கேள்வி

ஹைதராபாத்தில் உள்ள தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா, 1955ஆம் ஆண்டு முதற்கொண்டு ஒரு பெரிய அரபு வைத்திய நூலைப் பாகம் பாகமாக அச்சிட்டு வெளிக்கொணர்ந்தது. மொத்தம் 23 பாகங்கள். ‘அல்ஹாவீ’ என்பது அதன் பெயர். அனைத்தையும் உள்ளடக்கியது என்று பொருள். நம் மத்ரஸாக்களின் கிதாபு அலமாரிகளில் இதனைக் காண்பது அரிது. ஃபிக்ஹும் தஃப்ஸீரும் நிறைந்த இடத்தில் வைத்தியத்துக்கு இடம் ஏது? ஓதிய காலத்தில் நமக்கும் இது கிட்டவில்லை. ஆசிரியப் பணிக்கு வந்த பின்னர், முதிய யூனானி ஹகீம் ஒருவர் காலமானபோது அவருடைய வீட்டார் பழைய கிதாபுகளை விலைக்குப் போட்டார்கள். அல்ஹாவீயின் சில பாகங்கள் அவ்வாறு நம் கைக்கு வந்து சேர்ந்தன.

இந்நூலை இயற்றியவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. கி.பி. 865இல் ஈரான் நாட்டு ரய் நகரில் பிறந்தவர். ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைவராக இருந்தவர். 925இல் பிறந்த ஊரிலேயே மறைந்தவர். அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் கடுமையாக மறுத்திருக்கின்றனர். அந்த வழக்கு இங்கே நமக்குப் பொருளன்று. நோயாளியின் பக்கத்தில் அமர்ந்த ராஸீயைப் பற்றியே பேச வந்தோம்.

‘இயற்றியவர்’ என்று சொன்னதும் முழுச் சரியன்று. அல்ஹாவீ அவர் இருந்த நாளில் நூலாக இருக்கவில்லை. கிரேக்கர், சிரியாக்காரர், இந்தியர், அரபியர் ஆகிய முன்னோர் ஒவ்வொரு நோயைப் பற்றியும் சொன்னதை அவர் தமக்கென்று குறித்து வைத்த ஏடுகளே அவை. அவர் மறைந்த பின்னர் இப்னுல் அமீத் என்ற அமைச்சர், ராஸீயின் சகோதரியிடமிருந்து அவ்வேடுகளைப் பொருள் கொடுத்துப் பெற்று, மாணவர்களைக் கொண்டு ஒழுங்குபடுத்தச் செய்தார். பிறர் சொல்லை எழுதிக்கொண்டே வரும் ராஸீ, தம் சொல்லை எழுத நேரும்போது ‘லீ’ என்று ஒரு சொல் போடுவார். லாமும் யாவும் சேர்ந்த இரண்டே எழுத்துகள். ‘என்னுடையது’ என்று பொருள். ஜாலீனூஸ் இவ்வாறு சொன்னார், இன்னார் அவ்வாறு சொன்னார் என்று போய்க்கொண்டிருக்கும் பக்கத்தில் திடீரென்று ‘லீ’ வரும். அவ்விடத்தில் நூலாசிரியர் மறைந்து மனிதர் எழுந்து வருவார்.

அவர் பார்த்த நோயாளிகளின் வரலாறுகளும் இந்நூலில் உண்டு. ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் பிரௌன் லண்டன் மருத்துவர் கழகத்தில் நிகழ்த்திய உரைகள் 1921இல் ‘அரேபிய மருத்துவம்’ என்ற நூலாக வந்தன. ராஸீயின் நோயாளிகளுள் எவரை முதலில் அறிமுகப்படுத்துவது என்று தேர்ந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒருவரையே அவர் எடுத்துக்கொண்டார். அவர்தாம் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா. 1935இல் மாக்ஸ் மேயர்ஹோஃப் அத்தகைய 33 வரலாறுகளை வெளியிட்டார். முப்பத்து மூன்றிலும் நம்மைப் பிடித்து நிறுத்துவது இப்னு ஸவாதாவின் வரலாறுதான். அதனை நம் சொற்களில் சொல்வோம்.

இப்னு ஸவாதாவுக்குக் காய்ச்சல் வந்து வந்து போயிற்று. ஒரு சமயம் நாள்தோறும் வரும். ஒரு சமயம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு சமயம் நாலாம் முறை. ஒரு சமயம் ஆறு நாளுக்கு ஒருமுறை. வருவதற்கு முன் இலேசாகக் குளிர் நடுக்கும். அடிக்கடி சிறுநீர் போகும். ராஸீ பார்த்துவிட்டு இரண்டில் ஒன்று என்றார். இக்காய்ச்சல் நாலாம் முறைக் காய்ச்சலாகத் திரும்பப் போகிறது. அல்லது இவருடைய சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி இருக்கிறது. பிரௌன் இதனைப் ‘புண்’ என்று பெயர்த்திருக்கிறார். மூலத்தில் உள்ள சொல் ‘குராஜ்’. அது சீழ்க்கட்டியையே குறிக்கும். சில நாளில் நோயாளி சிறுநீரோடு சீழ் கழித்தார். இனிக் காய்ச்சல் வராது என்று ராஸீ அவரிடம் சொன்னார், வரவில்லை. முதலில் சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளைக் கொடுத்துச் சீழ் நிற்கும்வரை கழுவினார். பிறகு தீன் மக்தூம் என்னும் முத்திரை மண், குந்துருக்கம், தமுல் அக்வைன் என்னும் செந்நிறப் பிசின் ஆகியவற்றைக் கொடுத்தார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூரண குணம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதுவும் ஹகீம்களின் வெற்றிக் கதைகளுள் ஒன்றாகியிருக்கும். ஆனால் ராஸீ நிற்கவில்லை. முதலிலேயே ‘சீழ்க்கட்டிதான்’ என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாமல் தம்மைத் தடுத்தது எது என்று தம்மையே விசாரிக்கிறார். நோயாளிக்கு முன்பே முறைக்காய்ச்சல்கள் வந்திருந்தன; ஆகவே இதுவும் அந்த இனமே என்ற எண்ணம் வலுத்தது. அடிக்கடி சிறுநீர் போவது சிறுநீரகத்தைச் சுட்டியிருக்க வேண்டும். ஆனால் தகப்பனாருக்கும் சிறுநீர்ப்பை பலவீனம் உண்டு, நலமாயிருந்த காலத்திலும் இவருக்கு அத்தொல்லை உண்டு என்னும் செய்தி குறுக்கே நின்று குழப்பியது. இதற்கு மேலும் ஒன்று. எழுந்து நிற்கும்போது இடுப்பின் பின்புறத்தில் ஏதோ பாரம் கட்டித் தொங்குவதுபோல் இருக்கிறது என்று நோயாளி முறையிடவில்லை. நானும் அதைக் கேட்கத் தவறிவிட்டேன் என்கிறார் ராஸீ.

தவறிவிட்டேன் என்பதற்கு அவர் கையாண்ட சொல் கஃப்லத் என்ற வேரிலிருந்து பிறந்தது. கஃப்லத் என்றால் என்னவென்று நம் வீட்டுப் பாட்டிமார்களும் அறிவார்கள். பயானில் நூறு முறை கேட்ட சொல். அதைத் தம் காலத்தின் தலைசிறந்த வைத்தியர், தம் தொழிலைக் குறித்து, தம்மைப் பற்றி, தம் ஏட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

சீழ் வெளிப்பட்ட பின் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆம், அந்தப் பாரம் இருந்தது என்றார் நோயாளி. இதிலிருந்து ராஸீ இரண்டு முடிவுகளுக்கு வருகிறார். பாரம் அதிகமாயிருந்தால் கேளாமலே சொல்லியிருப்பார். சொல்லாததால் கட்டி சிறியது. சீழ் விரைவில் கழிந்து தீர்ந்தது. அதுவும் கட்டி சிறியது என்பதற்கே சான்று. தாம் கொடுத்த முத்திரை மண்ணையோ பிசினையோ அவர் புகழவில்லை. இவர் ஏன் பிழைத்தார் என்ற கேள்விக்கு அவர் கண்ட விடையில் இருப்பவை கட்டியின் அளவும், சீழுக்குக் கிடைத்த வழியும்.

நம் பத்திரிகைகளில் ஒரு வகைக் கட்டுரை உண்டு. மேனாட்டார் இன்று கண்டதையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள் என்று அது முழங்கும். அதனை நாமும் எழுதியிருக்கிறோம்; மறுப்பதற்கில்லை. ஆனால் இப்னு ஸவாதா விஷயத்தில் அந்த முழக்கம் செல்லாது. அவரைக் குணப்படுத்தியது, மருந்தைவிட, கட்டி உடைந்த திசை. நம் வீடுகளில் குண்டிக்காய் என்று வழங்கும் சிறுநீரகத்தில் சீழ் பிடித்தால் அது மூன்று பக்கம் உடையலாம். உள்ளே உடைந்து சிறுநீர்ப் பாதையில் இறங்கலாம். வெளியே உடைந்து சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பில் பரவலாம். அரிதாக அண்டையிலுள்ள குடலிலோ நெஞ்சுக்கூட்டிலோ புகலாம். முதல் வழி அமைந்தவருக்கு உடம்பே வடிகால் வெட்டிக் கொடுத்துவிட்டது. மற்ற வழிகள் அமைந்தவர்களின் வரலாறு ஏட்டில் ஏறுவதற்குள் அவர்கள் மண்ணறைக்குப் போயிருப்பார்கள்.

உடம்பு வழி காட்டாதபோது மனிதன் கத்தி எடுக்கலாமா? இது மிகப் பழைய கேள்வி. ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களில், சிறுநீரகத்துக்கு நேரே முதுகுப்புறம் வீங்கி எழுந்தால் கீறலாம் என்று காண்கிறோம். கல்லீரல் கட்டியைத் திறக்கும்போது தூய வெண்சீழ் வந்தால் நோயாளி பிழைப்பார், எண்ணெய்க் கசடு போல் வந்தால் இறப்பார் என்ற குறிப்பும் உண்டு. வெண்சீழ் என்றால் அது ஒரு பைக்குள் கட்டுண்டிருக்கிறது என்று அவர்கள் காரணமும் கூறினார்கள். கட்டுக்குள் இருக்கும் சீழுக்கும் கட்டை மீறிய சீழுக்கும் உள்ள பேதத்தை அவர்கள் கண்டுகொண்டார்கள் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

ராஸீக்குச் சற்றுப் பிற்காலத்தில், ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலை 30 மகாலாக்களில் எழுதினார். கடைசி மகாலா முழுவதும் அறுவைச் சிகிச்சை. அதன் முதல் பகுதி சூட்டுக்கோல் வைத்தியத்தைக் கூறுவது. கல்லீரல் கட்டியைப் பற்றிய ஒரு சிறு அத்தியாயம் அதில் உண்டு. கட்டி ஈரலின் சதையில் இருந்தால் கனமும் மந்தமான வலியும் இருக்கும். அதன் உறையில் இருந்தால் வலி கூர்மையாக இருக்கும் என்று பிரித்துக் காட்டுகிறார். பின், நோயாளியை மல்லாத்திப் படுக்கவைத்து, கட்டியின் இடத்தை மையால் குறித்து, மெல்லிய சூட்டுக்கோலைப் பழுக்கக் காய்ச்சித் தோலையும் அதன் கீழுள்ளதையும் துளைத்து, உறைவரை சென்று சீழை வெளியேற்றும் முறையைச் சொல்கிறார். இவ்வளவும் சொன்ன பிறகு, நீண்ட நாள் பழகி, இத்தகைய நோய்களைப் பலமுறை கண்டவரேயன்றி மற்றவர் இதில் கை வைக்கலாகாது என்கிறார். அதற்கும் மேலே, தம்மைக் கேட்டால் செய்யாமல் விடுவதே மேல் என்றும் முடித்துவிடுகிறார்.

செய்முறையை முழுதும் எழுதிவிட்டு ‘செய்யாதே’ என்பது இக்காலத்து வாசகருக்கு விந்தையாகத் தோன்றலாம். நமக்கு அது அனுபவத்தின் குரலாகவே கேட்கிறது. அறுவைக்காரர் துணிந்து திறந்த வயிறுகளையும், அதன்பின் நடந்ததையும் கண்டவர் எழுதிய வாக்கியம் அது. மேலே தெரியும் கட்டிகளைக் கீறுவதைப் பற்றி எழுதும்போதும், பெரிய கட்டியாயிருந்து ஆள் பலவீனராகவோ, குழந்தையாகவோ, கர்ப்பிணியாகவோ, முதியவராகவோ இருந்தால், சீழ் முழுவதையும் ஒரே தடவையில் வடிக்காதே, உயிரும் அதனோடு போய்விடக்கூடும் என்று எச்சரிக்கிறார். கட்டியை மட்டும் பாராமல் கட்டியைச் சுமப்பவரையும் பார் என்பது இதன் கருத்து. ராஸீ சொன்ன அளவு, வழி என்னும் இரண்டோடு ஸஹ்ராவீ மூன்றாவதாக ஆளின் பலத்தைச் சேர்த்தார்.

இதற்குப் பிறகு நெடுங்காலம் இம்மூன்றைத் தாண்டி யாரும் அதிகம் முன்னேறவில்லை. அல்ஹாவீ 1279இல் சிஸிலியின் யூத அறிஞர் ஃபரஜ் இப்னு ஸாலிமால் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1486இல் இத்தாலியில் அச்சும் ஏறிற்று. ஐரோப்பாவின் மருத்துவக் கூடங்களில் ஓதப்பட்டது. ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் சீழ் அங்கேயும் பெரும்பாலும் மரணத்தின் மறுபெயராகவே இருந்தது. 1846இல் ஈதர் மயக்க மருந்து வலியைப் போக்கியது. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டபோது, அக்கட்டுரையின் தலைப்பிலேயே எலும்பு முறிவோடு சீழ்க்கட்டியையும் சேர்த்துக்கொண்டார். கட்டியைத் திறக்கும்போது வெளியிலிருந்து புகும் அழுகலே பலரைக் கொல்கிறது என்பது அவர் வாதம். ஸஹ்ராவீயின் அச்சத்துக்குக் காரணம் அப்போதுதான் தெரியவந்தது.

அதன் பின்பும் அச்சம் முற்றும் தீரவில்லை. 1902ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா என்று உலகெங்கும் அறிவித்து, அரசர்களும் தூதர்களும் வந்து கூடிவிட்டார்கள். 60 வயதான மன்னருக்கோ வயிற்றின் வலப்பக்கம் வலியும் காய்ச்சலும். குடல்வாலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. விழா முடியட்டும் என்று மன்னர் பிடிவாதமாக இருந்தார். அறுவை நிபுணர் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் விடவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 24 அன்று, பக்கிங்காம் அரண்மனை அறை ஒன்றிலேயே கட்டியைத் திறந்து சீழை வடித்து, ரப்பர் குழாய்களை வைத்தார். குடல்வாலை அவர் எடுக்கவே இல்லை. வழி செய்துகொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். ஆகஸ்டு 9 அன்று மன்னர் முடி சூட்டிக்கொண்டு 1910 வரை வாழ்ந்தார். இந்த ட்ரீவ்ஸ், இரண்டாண்டுக்கு முன் 1900இல், இதே நோய் முற்றித் தம் சொந்த மகளை இழந்தவர். அரசனிடம் அவர் காட்டிய பிடிவாதத்தை அந்தத் தகப்பனின் துயரத்திலிருந்து பிரித்துப் பார்க்க நம்மால் இயலவில்லை.

நம் இந்திய மண்ணில் இதே காலத்தில் வேறொரு பாடம் நடந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய லெனர்டு ராஜர்ஸ், வயிற்றுக்கடுப்பைத் தரும் அமீபாவால் உண்டாகும் ஈரல் கட்டியை ஆராய்ந்தார். அக்கட்டியை அகலத் திறந்து வைத்தவர்களுள் பலர், பின்னால் புகுந்த வேறு கிருமிகளால் மாண்டதைக் கண்டார். ஊசியால் உறிஞ்சியெடுத்து மூடிவிடுவதே நல்லது என்றார். 1912இல் எமடீன் ஊசி மருந்து அமீபாவைக் கொல்வதை வெளியிட்டார். கத்தி படாமலே கரையும் சீழ்க்கட்டியும் உண்டு என்று அப்போது தெரிந்தது. 1960களில் மெட்ரோனிடஸோல் வந்தபின் இது இன்னும் எளிதாயிற்று. ஆகவே சிகிச்சை தோற்பதற்கு நான்காவது காரணம் ஒன்றும் புலப்பட்டது. இன்ன இனத்துக் கட்டி என்று அறியாமல் வைத்தியம் செய்வதே அது. காசநோய்க் கிருமியால் முதுகெலும்பின் அருகே மெல்லத் திரளும் குளிர்ந்த கட்டியைச் சாதாரணக் கட்டி என்று எண்ணிக் கீறிவிட்டு, மாதக்கணக்கில் ஆறாத புரையோடு திரிந்தவர்களை நம் தலைமுறையிலும் பார்த்திருக்கிறோம்.

பெனிஸிலின் வந்தபோது சீழின் கதை முடிந்தது என்று பலரும் எண்ணினர். முதல் முதலாக 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் அம்மருந்து தரப்பட்டவர், முகமெங்கும் சீழ்க்கட்டிகள் பரவிய ஒரு காவலர். சில நாளில் வியக்கத்தக்கபடி தேறினார். மருந்து தீர்ந்துவிட்டது. அவர் சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பச் செலுத்தியும் போதவில்லை. நோய் திரும்பியது, அடுத்த மாதம் இறந்தார். அரைகுறை மருந்தால் அடங்கிய சீழ் மீண்டும் கிளம்பும் என்பதற்கு அவரே முதல் சான்று.

பின்னர் மருந்து மலிந்தது. ஆயினும் ஆழத்திலுள்ள பெரிய கட்டிகள் மருந்துக்கு மட்டும் மசியவில்லை. காரணம் எளிது. மருந்து போவது இரத்தத்தின் வழியே. சீழ் தேங்கிய குழிக்குள் இரத்தக் குழாய் கிடையாது. சுற்றிலும் தடித்த சுவர். உள்ளே புளித்த நீரும் இறந்த அணுக்களும். அங்கே சேரும் சிறிதளவு மருந்தும் வலுவிழக்கும். கிருமிகளும் அங்கே பெருகாமல் உறங்கிக் கிடக்கின்றன. பல மருந்துகள் பெருகும் கிருமியையே கொல்ல வல்லவை. கோட்டைக்குள் ஒளிந்தவனை வெளியே முற்றுகையிட்டு நிற்பது போலத்தான்.

அந்தக் கோட்டையை வெளியிலிருந்தே பார்க்கும் கண் 1970களில் கிடைத்தது. லண்டனில் 1971இல் முதல் நோயாளிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது; அல்ட்ராசவுண்டும் பரவிற்று. அதுவரை சிறுநீரகத்தைச் சுற்றிய கட்டிகளுள் பல, உயிர் போனபின் உடலை அறுத்துப் பார்த்தபோதே தெரியவந்தன. ஏறத்தாழ 1980 முதற்கொண்டு, ஸ்கேனில் பார்த்தபடியே தோலின் வழி ஊசியைச் செலுத்தி, மெல்லிய குழாயை விட்டு வடிக்கும் முறை நிலைபெற்றது. மையால் குறித்துப் பழுத்த கோலால் துளைத்த ஸஹ்ராவீயின் அதே காரியம். ஆனால் கோல் எங்கே போகிறது என்று இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

இவ்வளவு வசதிக்குப் பிறகும் சிலருக்குச் சிகிச்சை ஏன் தோற்கிறது? இன்றைய மருத்துவ நூல்கள் தரும் விடைகளைப் படிக்கும்போது ராஸீயின் ஏடுதான் நினைவுக்கு வருகிறது. முதலாவது அளவு. சிறுநீரகத்துக் கட்டி 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டால் பெரும்பாலும் மருந்திலேயே கரையும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் வடிக்காமல் தீர்வது கடினம். இடைப்பட்டது மருத்துவரின் முடிவுக்குரியது. அடுத்தது வழி. கட்டிக்குள் தேன்கூடு போல் பல அறைகள் இருந்தால் ஒரு குழாய் ஓர் அறையைத்தான் வடிக்கும். சீழ் கெட்டியாயிருந்தால் குழாய் அடைபடும். வயிற்றுக் கட்டிக்குக் கீழே குடலில் ஓட்டை இருந்தால் வடிக்க வடிக்க ஊறும். சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்திருந்தால், கல்லை நீக்கி நீரோட்டம் திறக்காமல் கட்டியை மட்டும் வடித்துப் பயனில்லை. ராஸீ கல் நோய்க்கென்றே தனி நூல் எழுதியவர். இதைச் சொன்னால் அவர் வியந்திருக்க மாட்டார்.

ஆளின் பலம் என்ற இடத்தில் நம் வீடுகளைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. முதுமையும் மெலிவும் பழைய காரணங்கள். இன்று அவற்றோடு நிற்பது சர்க்கரை நோய். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சோம்பிப் போகின்றன. நரம்பு மரத்து, வலி மங்கலாகத் தெரிகிறது. சிறுநீரகத்தில் கிருமிகள் வாயுவை உண்டாக்கி அழுகச் செய்யும் கொடிய வகை நோய் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகளே. தைவான் தீவில் 1980கள் முதல், க்ளெப்ஸியெல்லா என்ற கிருமியால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஈரலில் கட்டி வந்து, அங்கிருந்து கண்ணுக்குப் பரவிப் பார்வையையே பறிப்பதை மருத்துவர்கள் கண்டு எழுதினர். விருந்தென்றால் பிரியாணியோடு பீர்னியையும் கணக்கில்லாமல் பரிமாறும் நம் குடும்பங்களில் இந்நோய் எவ்வளவு என்பதை நாம் எண்ணிச் சொல்லத் தேவையில்லை.

இனி மருந்து. இரத்தத்தையும் சிறுநீரையும் சீழையும் சோதனைக்கு எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்துக் கொடுப்பதே முறை. மருந்துக்கடையில் காய்ச்சலுக்கென்று கேட்டு வாங்கி இரண்டு நாள், மூன்று நாள் விழுங்கிய மாத்திரைகள், கிருமியைக் கொல்லாமல் சோதனையை மட்டும் கெடுக்கின்றன. சிறுநீரகக் காய்ச்சல் தக்க மருந்து கொடுத்தும் நாலைந்து நாளில் தணியவில்லையென்றால் உள்ளே சீழ் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்பது மருத்துவர்களின் பழைய விதி. அவ்விதி பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள் வந்தவர்களுக்கே பயன்படுகிறது.

இதையெல்லாம் ஏட்டில் படித்தவராக மட்டும் எழுதவில்லை. நம் மூத்த சகோதரியின் கணவர், நாம் மச்சான் என்று அழைப்பவர், கடைத்தெருவில் வியாபாரம் செய்தவர். சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை நினைத்தபோது போடுவார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் காய்ச்சல் கண்டது. குளிர் நடுக்கி வரும், வியர்த்து விடும், இரண்டு நாள் நலமாயிருப்பார், திரும்ப வரும். ஒரு மருத்துவர் மலேரியாவாக இருக்கலாம் என்றார். இன்னொருவர் டைபாய்டு என்றார். அடிக்கடி சிறுநீர் போவதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டோம். மூன்று வாரம் இப்படியே கழிந்தது. அப்போது நம் வீட்டு அலமாரியில் அல்ஹாவீ இருந்தது. இப்னு ஸவாதாவின் வரலாற்றை நாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறோம். வாரம் இருமுறை போய் மச்சானின் கட்டிலருகே அமர்ந்து ஸலவாத்தும் துஆவும் ஓதி ஊதிவிட்டு வந்தோம். அந்த ஒரு கேள்வி நம் வாயில் வரவே இல்லை.

அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகே நகரத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் இடப்பக்கச் சிறுநீரகத்தில் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகக் கட்டி. பக்கத்திலேயே கல். குழாய் வைத்து வடித்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. அடுத்த வாரம் அவருடைய கடைசி மகளுக்கு நிக்காஹ். குழாயோடு பந்தலில் உட்கார முடியாது என்று மச்சான் ஒரே பிடிவாதம். கழிவு குறைந்து, ஸ்கேனில் குழி மூடியது தெரியும்வரை குழாய் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியும், நாங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டு எடுக்கவைத்தோம். நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். நிக்காஹ் குத்பாவை ஓதியதும் நாமே. பதினைந்து நாளில் குழி திரும்ப நிறைந்தது. இம்முறை குழாய் போதவில்லை. சிறுநீரகத்தையே எடுக்க நேர்ந்தது.

அவர் தேறி வீட்டுக்கு வந்த பின் ஒருநாள், அஸருக்குப் பிறகு திண்ணையில் இருந்தபோது கேட்டோம்: “மச்சான், முதலில் காய்ச்சல் வந்த நாளில், ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போது இடுப்பில் ஏதாவது பாரம் தொங்குவதுபோல் இருந்ததா?”

அவர் சிறிது யோசித்தார். “இருந்தது தம்பி. ஒரு படிக்கல்லைக் கட்டிவிட்டதுபோல இருக்கும். நாலாவது ரக்அத்தில் சுவரைப் பிடித்துத்தான் எழுவேன். வயசாகிவிட்டது என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லையே.”

இப்போது அவர் ஒரு சிறுநீரகத்தோடு இருக்கிறார். சர்க்கரை மாத்திரையை நேரம் தவறாமல் சகோதரி எடுத்துக் கொடுக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ராஸீ தம் குறிப்பை முடிக்குமிடத்தில், இப்னு ஸவாதாவைப் பார்த்த மற்ற வைத்தியர்கள், அவர் சீழ் கழித்த பின்னரும் நோய் இன்னதென்று விளங்கிக்கொள்ளவில்லை என்று எழுதுகிறார். அந்த வரியைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். அவ்விடம் வந்ததும் முன்பு நாமும் அவர்களோடு சிரிப்பது வழக்கம்.